புதுப்பிப்பு: லயத்துப் பாதையும் சபைப் பாதீடும்

நம்ம தோட்டத்து மேல்பிரிவு லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) போகும் பாதைக்குக் கொங்கிரீட் போடப் பிரதேச சபையில் பிரேரணை கொடுத்ததைப் போன மாதம் எழுதியிருந்தேன். "தோட்டத்துக்குள்ள பிரதேச சபை எப்படிச் செலவழிக்கும்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு அதற்கு முட்டுக்கட்டையாகவே இருந்தது. வாக்கு மட்டும் நம்மிடம் வாங்குவார்கள், பாதை ஊர்ப்பக்கம் போகும்! 2018இல் பாராளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. சரி, சட்டம் இடம் கொடுத்துவிட்டது, காசு வேண்டுமே.

அடுத்த ஆண்டுப் பாதீட்டு வரைவில் நம்ம பாதை இருக்கிறது. ஆனால் கோயில் வளைவு வரைக்கும்தான். மிச்சத்துக்குத் தோட்ட நிர்வாகத்திடம் கல்லும் மணலும் கேட்டிருக்கிறேன். துரை (தோட்ட முகாமையாளர்) இன்னும் பதில் சொல்லவில்லை. பிள்ளைக்காம்பரா (வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) கூரைக்கு ஒன்றும் ஒதுக்கவில்லை. அதை டிசம்பர் கூட்டத்தில் திரும்பக் கேட்பேன்.