ஈரான் 1979: ஷாவை இறக்கியது வெளிநாட்டுக் கையா? எண்ணெய்க்கு அதில் என்ன பங்கு?

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்த மாதம் ஈரானின் முடியாட்சி விழுந்ததைப் பற்றி இருபது நிமிடம் பேச வேண்டும். தேடிப் படிக்கும் இடமெல்லாம் ஒரே வாதம்தான் வருகிறது. 1973இல் ஈரான் மன்னர் ஷா எண்ணெய் விலையை ஏற்றிவிட்டார். 1954இல் மேற்கத்தையக் கம்பனிகளோடு செய்த 25 வருட ஒப்பந்தம் 1979இல் முடிய இருந்தது. புதுப்பிக்க மாட்டேன் என்றார். ஆகவே 1953இல் ஈரானியப் பிரதமர் மொசாடெக்கை இறக்கிய அதே மேற்கத்தையக் கை 1979 ஜனவரியில் குவாடலூப் தீவில் உச்சி மாநாடு கூடி ஷாவையும் இறக்கிவிட்டது.

எல்லாம் ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்துகிறது. அதுதான் எனக்குச் சந்தேகமாகவும் இருக்கிறது. இதில் எந்தப் பகுதி ஆவணத்தில் நிற்கும், எது நிற்காது? எண்ணெய் உண்மையில் எந்த இடத்தில் அரசைத் தாக்கியது? இன்னொன்று, 1962இல் இங்கே எண்ணெய்க் கம்பனிகளைத் தேசியமயமாக்கியதை இதோடு ஒப்பிடலாமா? கேள்வி நேரத்தில் யாராவது கட்டாயம் அதைக் கேட்பார்கள்.

மருதானை நிசார் எழுதியது:

தங்கச்சி, முதலில் 1953ஐயும் 1979ஐயும் பிரித்து வையுங்கள். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டுவதால்தான் இவ்வளவு குழப்பமும்.

1953இல் வெளிநாட்டுக் கை இருந்தது உறுதி. பின்னணி காசுக் கணக்குத்தான். 1901ஆம் ஆண்டு டார்சி என்பவருக்கு ஈரானிய எண்ணெயை எடுக்கக் கொடுத்த சலுகையில் ஈரானுக்குக் கிடைத்தது நிகர இலாபத்தில் 16 வீதம். 1914இல் பிரித்தானிய அரசே அந்தச் சலுகையில் பிறந்த கம்பனியின் (பின்னாளில் ஆங்கிலோ ஈரானியன்) பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. 1950ஐ எடுத்துப் பாருங்கள்: ஆங்கிலோ ஈரானியன் கம்பனி ஈரானுக்குக் கொடுத்தது சுமார் 16 மில்லியன் பவுண். அதே வருடம் லண்டனுக்கு வரியாகக் கட்டியது சுமார் 50 மில்லியன். அந்த டிசம்பரில் சவூதி அரேபியாவும் அங்கே எண்ணெய் எடுத்த அமெரிக்கக் கம்பனி அரம்கோவும் இலாபம் பாதிக்குப் பாதி என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்பின் ஈரானில் எந்த அரசியல்வாதியாலும் பழைய ஒப்பந்தத்தை நியாயப்படுத்த முடியவில்லை. 1951 மார்ச்சில் நாடாளுமன்றம் தேசியமயமாக்கியது. ஏப்ரல் இறுதியில் மொசாடெக் பிரதமரானார்.

பிரித்தானியா பதிலுக்குச் செய்தது சந்தையை அடைப்பது. எண்ணெய் ஈரானின் கையில் இருந்தது. ஏற்றிச் செல்லக் கப்பலும் இல்லை, வாங்க ஆளும் இல்லை. ரோஸ் மேரி என்ற கப்பல் 1952இல் ஈரானிய எண்ணெயோடு போனபோது ஏடனில் மறிக்கப்பட்டது. அங்கிருந்த நீதிமன்றம் சரக்கு கம்பனிக்கே சொந்தம் என்று தீர்த்தது. அதைக் கண்டபின் பெரும்பாலான கப்பல்காரர்கள் துணியவில்லை. அதே 1952 ஜூலையில் ஹேக் சர்வதேச நீதிமன்றம் இந்த வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. சட்ட வழியில் லண்டனுக்குக் கிடைத்த தோல்வி அது. சதி அதற்குப் பிறகுதான் வேகம் பிடிக்கிறது.

1953 ஆகஸ்ட் 15 இரவு மொசாடெக்கை நீக்கும் ஷாவின் ஆணையைக் கொண்டுபோன கேர்ணல் நசீரி கைதானார். ஷா பக்தாத் வழியாக ரோமுக்கு ஓடினார். 19ஆம் திகதி சதியின் இரண்டாம் முயற்சி வென்றது. ஜெனரல் சாஹிதி பிரதமரானார். சி.ஐ.ஏ. தன் பங்கை 2013இல் வெளியிட்ட ஆவணங்களில் ஒப்புக்கொண்டது. 2017இல் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களமும் அந்தக் காலத்து ஆவணத் தொகுதியை வெளியிட்டது. பேச்சுக்கு முன் அந்தத் தொகுதியில் ஆகஸ்ட் 16 முதல் 20 வரையான தந்திகளையாவது படியுங்கள். முதல் முயற்சி தோற்றதும் வாஷிங்டன் கையை விரிக்கத் தயாரானது தெரியும். ஈரானுக்குள்ளேயே இராணுவமும் மதத் தலைவர்களில் ஒரு பகுதியும் பஸாரின் ஒரு பகுதியும் மொசாடெக்கை விட்டு விலகியிருந்ததையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் திட்டமும் பணமும் வெளியிலிருந்து வந்தவை.

அதன்பின் ஈரானிய எண்ணெயை எடுக்க மேற்கத்தையக் கம்பனிகள் சேர்ந்த 1954 கூட்டமைப்பின் பங்குகள் இவை: பிரித்தானியக் கம்பனிக்கு 40 வீதம், அமெரிக்கக் கம்பனிகளுக்கு 40, ஷெல்லுக்கு 14, பிரெஞ்சுக் கம்பனிக்கு 6. முன்னர் ஈரானிய எண்ணெயில் அமெரிக்காவுக்குப் பங்கே கிடையாது. 1953இல் யாருக்கு என்ன இலாபம் என்று கேட்பவருக்கு இதுவே போதும்.

இனி 1979. ஒப்பந்தம் முடிய இருந்தது என்ற வாதம் திகதியிலேயே விழுகிறது. 1954 ஒப்பந்தம் 25 வருடத்துக்கு என்பதும், கம்பனிகள் விரும்பினால் ஐந்தைந்து வருடமாக மூன்று தடவை நீடிக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் 1973 ஜனவரியில் ஷா நீடிப்பு இல்லை என்று அறிவித்தார். அதே வருடம் புதிய விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தானது. எண்ணெய் வயல்களும் அபாதான் சுத்திகரிப்பு ஆலையும் ஈரான் தேசிய எண்ணெய்க் கம்பனியின் கைக்கு வந்தன. மேற்கத்தையக் கம்பனிகள் நீண்டகால வாங்குநர்களாகவும் ஒப்பந்தகாரர்களாகவும் மாறின. ஆறு வருடத்துக்கு முன்னரே செத்துப்போன ஒப்பந்தத்துக்காக 1979இல் யாரும் அரசைக் கவிழ்க்கப் போவதில்லை.

விலை வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பான ஒபெக்கின் 1973 டிசம்பர் தெஹ்ரான் கூட்டத்தில் ஒரு பீப்பாயின் அறிவிப்பு விலை 5.12 டொலரிலிருந்து 11.65 டொலருக்கு ஏறியது. அதற்காக முன்னின்றவர் ஷாதான். அமெரிக்கத் திறைசேரிக்குக் கடும் கோபம். ஒபெக்கின் 1976 டிசம்பர் தோஹா கூட்டத்தில் மற்ற நாடுகள் 10 வீதம் ஏற்றியபோது சவூதியும் ஐக்கிய அரபு அமீரகமும் 5 வீதத்தோடு நின்றன. சவூதி உற்பத்தியையும் கூட்டியது. அடுத்த மாதமே ஈரானின் ஏற்றுமதி சரிந்தது. அந்தத் துண்டுவிழுகை வரவு செலவுத் திட்டத்தை நேரடியாக அடித்தது. ஆனால் நிரலைப் பாருங்கள். 1977 நவம்பரில் ஷா வாஷிங்டன் போய் விலையை உறையவைக்கச் சம்மதித்தார். டிசம்பர் கராகஸ் கூட்டத்தில் அப்படியே நடந்தது. அந்த வருடத்தின் கடைசி இரவில் அமெரிக்க ஜனாதிபதி காட்டர் தெஹ்ரானில் ஷாவைப் புகழ்ந்து விருந்துரை ஆற்றினார். கும் நகரில் முதல் ஆர்ப்பாட்டம் சுடப்பட்டது 1978 ஜனவரி 9. அதாவது கிளர்ச்சி தொடங்கும்போது விலைச் சண்டை அமெரிக்கா விரும்பியபடியே முடிந்துவிட்டது.

கொலன்னாவைக்காரன் எழுதியது:

நிசார் நானா சொன்னதற்கு மேல், எண்ணெய் எந்த இடத்தில் தாக்கியது என்ற கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். இரண்டு இடம்: ஒன்று காசு வந்த விதம், மற்றது எண்ணெய் நின்ற விதம்.

காசு: 1974இல் எண்ணெய் வருமானம் ஏறக்குறைய நான்கு மடங்கானது. அந்த ஆகஸ்டில் ராம்சரில் கூடி ஐந்தாண்டுத் திட்டத்தின் செலவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கினார்கள். துறைமுகமும் வீதியும் லொறியும் பழைய அளவிலேயே இருந்தன. கொறம்ஷஹர் துறைமுகத்துக்கு வெளியே 200க்கு மேற்பட்ட கப்பல்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன. தாமதக் கட்டணமே பெருந்தொகை. சீமெந்தும் ஆளும் வீடும் விலை ஏறின. விலையை அடக்க 1975இல் கடைக்காரர்களைப் பிடித்துத் தண்டம் அடித்தார்கள். பஸார் முழுவதும் பகையானது. பிறகு 1977 ஆகஸ்டில் வந்த பிரதமர் அமுசகரின் அரசு செலவை வெட்டியது. கட்டட வேலை நின்று கூலியாட்கள் தெருவுக்கு வந்தார்கள். விலைவாசி ஏறும்போது கோபம், அதை இறக்கும்போது வேலையின்மை. 1978இன் கூட்டம் இந்த இரண்டும் சேர்ந்தது.

எண்ணெய் நின்ற விதம்தான் பேச்சில் நீங்கள் நேரம் எடுத்துச் சொல்ல வேண்டியது. 1978 செப்டெம்பரில் நாளொன்றுக்குச் சுமார் 6 மில்லியன் பீப்பாய். தென்மேற்கே கூசெஸ்தான் வயல்களில் கிணறுகள் சில நூறுதான். நிலத்தடி அழுத்தத்திலேயே பாய்பவை. ஒவ்வொன்றும் நாளுக்கு ஆயிரக்கணக்கான பீப்பாய் தரும். எண்ணெய் வாயு பிரிப்பு நிலையங்களுக்குப் போய், அங்கிருந்து குழாய் வழியாகக் கூரே பம்பி நிலையம், பிறகு கடலடிக் குழாயில் கார்க் தீவு. ஏற்றுமதியில் பெரும்பகுதி அந்த ஒரே தீவில்தான் கப்பலேறியது. இப்படிப்பட்ட அமைப்பை நிறுத்த மிகச் சிலர் போதும்: பிரிப்பு நிலையக் கட்டுப்பாட்டறை, பம்பி, ஏற்றுதுறை. திரும்ப ஓட்டுவதற்கோ அவர்கள் எல்லோரும் வேண்டும். கடற்படைத் தொழில்நுட்பவியலாளர்களைக் கொண்டுவந்து பார்த்தார்கள். வால்வைத் திறக்கலாம், ஆனால் எந்தக் கிணற்றின் அழுத்தத்தை எந்த நிலையம் தாங்கும் என்பது அங்கே வருடக்கணக்காக வேலை செய்தவனுக்குத்தான் தெரியும்.

ஒக்டோபர் வேலைநிறுத்தக் கோரிக்கைகள் சம்பளத்தோடு நிற்கவில்லை. இராணுவச் சட்டத்தை நீக்கு, அரசியல் கைதிகளை விடு, வெளிநாட்டு ஊழியர்களுக்குப் பதில் ஈரானியரை நியமி என்று போயின. நவம்பர் 6 முதல் ஜெனரல் அசாரியின் இராணுவ அரசு வேலைநிறுத்தத் தலைவர்களைக் கைதுசெய்து, கம்பனி வீடுகளிலிருந்து வெளியேற்றுவோம் என்று மிரட்டி உற்பத்தியை ஓரளவு மீட்டது. டிசம்பரில் மறுபடி விழுந்தது. 27ஆம் திகதி அளவில் ஏற்றுமதி முற்றாக நின்று 1979 மார்ச் 5 வரை திரும்பவில்லை. எண்ணெயோடு வரும் வாயுவும் நின்றதால் சோவியத் ஒன்றியத்துக்குப் போன வாயுக்குழாயும் வறண்டது.

குளிர்காலத்தில் மக்களுக்கு மண்ணெண்ணெய் இல்லாவிட்டால் கோபம் வேலைநிறுத்தக்காரர் மேல் திரும்பியிருக்கும். அதனால்தான் கிளர்ச்சியின் தலைவர் கொமெய்னி, தன் ஆதரவாளர் பசர்கானின் தலைமையில் குழு ஒன்றைத் தெற்கே அனுப்பி, உள்நாட்டுத் தேவைக்கு மட்டும், சுமார் 7 இலட்சம் பீப்பாய் அளவில், உற்பத்தி செய்ய ஒழுங்கு செய்தார். எண்ணெயை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஷாவின் அரசைவிட்டுப் போனது அந்தக் கிழமையில்தான். என் கணிப்பில் முடியாட்சி முடிந்ததும் அங்கேதான். ஜனவரி 16 அன்று ஷா நாட்டைவிட்டுப் போன விமானம் அதன் பின்விளைவு.

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

இருவருக்கும் நன்றி. நிசார் நானா, குவாடலூப்பையும் அமெரிக்க ஜெனரல் ஹைசரின் தெஹ்ரான் பயணத்தையும் தொடவில்லையே. எங்கள் வட்டத்தில் அதைத்தான் முதலில் தூக்கிப் போடுவார்கள்.

மருதானை நிசார் எழுதியது:

திகதிகளை வரிசையாகச் சொல்லுங்கள். ஏற்றுமதி நின்றது டிசம்பர் இறுதி. எதிரணி அரசியல்வாதி பக்தியார் ஷாவின் பிரதமராகச் சம்மதித்ததும் அப்போதுதான். ஷா வெளிநாடு போவது அந்தப் பேச்சின் பகுதி. குவாடலூப் உச்சி மாநாடு ஜனவரி 4 முதல் 7 வரை. அமெரிக்காவின் காட்டர், பிரித்தானியாவின் கலகன், பிரான்சின் ஜிஸ்கார், மேற்கு ஜெர்மனியின் ஷ்மிட் நால்வரும் அங்கே பேசியது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒன்றை.

ஜெனரல் ஹைசர் ஜனவரி 4 அளவில் தெஹ்ரான் வந்தது இராணுவத் தளபதிகளைச் சிதறவிடாமல் பக்தியாருக்குப் பின்னால் நிறுத்தவும், தேவைப்பட்டால் இராணுவ ஆட்சிக்குத் தயார்படுத்தவும். இரண்டும் நடக்கவில்லை. பெப்ரவரி 11 அன்று தளபதிகள் நடுநிலை அறிவித்தார்கள். அமெரிக்கத் தூதுவர் சலிவன் 1978 நவம்பர் 9 தந்தியிலேயே ஷா இல்லாத ஈரானை யோசிக்கச் சொன்னார்; வெள்ளை மாளிகையில் பாதுகாப்பு ஆலோசகர் பிரெசின்ஸ்கி அதற்கு நேரெதிர். அந்தத் தந்திகளில் தெரிவது தங்களுக்குள்ளேயே ஒத்துப்போக முடியாத ஓர் அரசு. செல்வாக்கு இருந்தது, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியவில்லை.

பி.பி.சி. பாரசீக ஒலிபரப்பு கிளர்ச்சிக்கு உதவியது என்று ஷாவே முறையிட்டார். ஊர்வலச் செய்தி வேகமாகப் பரவ அது உதவியது. ஆனால் வானொலி கேட்டதற்காக ஒருவன் பிரிப்பு நிலையத்தை மூடுவதில்லை.

பம்பலப்பிட்டி சிவம் எழுதியது:

இலங்கை ஒப்பீட்டுக்கு நான் எழுதுகிறேன் பிள்ளை. ஒப்பிடலாம், 1953 கதையின் முதற்பாதியான தேசியமயமாக்கலோடும் அதற்கு வந்த பதிலடியோடும் மட்டும்.

1961ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைந்தது. 1962இல் ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் சொத்துகளில் ஒரு பகுதி எடுக்கப்பட்டது; மலிவான சோவியத் எண்ணெய் வந்தது. அமெரிக்கா அந்த வருடம்தான் வெளிநாட்டு உதவிச் சட்டத்தில் ஹிக்கன்லூப்பர் திருத்தத்தைச் சேர்த்திருந்தது: அமெரிக்கச் சொத்தை எடுத்து ஆறு மாதத்துக்குள் நட்டஈட்டுக்கு நடவடிக்கை எடுக்காவிட்டால் உதவி நிற்கும். 1963 பெப்ரவரியில் உதவி நின்றது. அந்தத் திருத்தத்தால் முதலில் அடிபட்ட நாடு நாம். 1964 தொடக்கத்திலிருந்து விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்துக்கு வந்தது. நட்டஈட்டு உடன்பாடு 1965இல் டட்லி சேனநாயக்க அரசோடு.

இங்கேதான் கவனம் வேண்டும். ஸ்ரீமாவோவின் அரசை எண்ணெய்க் கம்பனிகள் கவிழ்த்தன என்று கேள்வி நேரத்தில் ஒருவர் சொல்லக்கூடும். 1964 டிசம்பர் 3 அன்று சிம்மாசனப் பிரசங்க வாக்கெடுப்பில் 74க்கு 73 என்று அரசு தோற்றது, சி. பி. டி சில்வாவும் கூடப் போனவர்களும் பிரிந்தது லேக் ஹவுஸ் பத்திரிகை மசோதாவையும் இடதுசாரிக் கூட்டையும் எதிர்த்து. 1965 மார்ச்சில் மக்கள் வாக்களித்தார்கள். உதவி நின்றது பொருளாதாரத்தை நெருக்கியது, அது வேறு விடயம்.

ஈரானோடு நமக்கு நேரடித் தொடர்பு சப்புகஸ்கந்தை. 1969இல் இயங்கத் தொடங்கிய அந்தச் சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய இலேசு மசகெண்ணெய்க்குப் பொருத்தமாக வடிவமைக்கப்பட்டது. ஒவ்வொரு மசகெண்ணெயும் வடிக்கும்போது பெற்றோல், டீசல், உலை எண்ணெய் என்று வேறு வேறு விகிதம் தரும், கந்தகமும் வேறு. பொருந்தாததைப் போட்டால் உலை எண்ணெய் தேங்கும், டீசல் குறையும், நிலையத்தைக் குறைந்த அளவில் ஓட்ட வேண்டிவரும். 2012இல் ஈரான் மீதான தடையால் இந்தச் சிக்கல் வெளிப்படையாகவே வந்தது. முன்னர் வாங்கிய எண்ணெய்க்கான சுமார் 251 மில்லியன் டொலர் கடனைத் தேயிலையாகக் கட்ட 2021 டிசம்பரில் உடன்பாடு செய்தது நினைவிருக்கும்.

நேரம் போதாவிட்டால் 1901ஐயும் குவாடலூப்பையும் கேள்வி நேரத்துக்கு விடுங்கள். 1950இன் இரண்டு தொகைகள், 1954இன் பங்குகள், 1978 டிசம்பர் 27 ஆகிய மூன்றையும் பலகையில் எழுதிவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.