2014 உலகக் கோப்பையை ஜெர்மனிக்கு வென்று தந்தது எது: அகாடமியா, பயிற்சியாளரா, அதிர்ஷ்டமா?

இளவேனில்:
ஒரு நாட்டின் கால்பந்து அணியைத் திட்டமிட்டு உயர்த்த முடியும் என்பதற்கு ஜெர்மனியைவிடத் தெளிவான சான்று இல்லை. 2000 யூரோ கோப்பையில் அந்த அணி ருமேனியாவுடன் சமன் செய்தது, இங்கிலாந்திடம் தோற்றது, ஏற்கெனவே அடுத்த சுற்றை உறுதி செய்துவிட்டு மாற்று வீரர்களைக் களமிறக்கிய போர்ச்சுகலிடமும் 0-3 என்று தோற்று, ஒரே ஒரு புள்ளியுடன் குரூப்பில் கடைசி இடத்தைப் பிடித்தது. 39 வயதான லோதர் மத்தேயுஸை விட்டால் தடுப்பாட்டத்துக்கு ஆள் இல்லை என்ற நிலை. அதன் பிறகுதான் இளையோர் அகாடமி இல்லாத கிளப்புக்குத் தொழில்முறை லீகில் ஆட உரிமம் கிடையாது என்ற விதி வந்தது. முதலில் முதல் டிவிஷனான பண்டஸ்லிகாவுக்கும், அடுத்து இரண்டாம் டிவிஷனுக்கும். பெரிய கிளப்புகளின் கண்ணில் படாத சிற்றூர்ப் பிள்ளைகளுக்காக முந்நூறுக்கும் மேற்பட்ட வட்டாரப் பயிற்சி மையங்களைக் கால்பந்துச் சங்கமே திறந்தது. 2014 இறுதிப் போட்டியில், ரியோவின் மரக்கானா மைதானத்தில் அர்ஜென்டினாவுக்கு எதிராக வெற்றிக் கோலை அடித்த மரியோ கோட்சே, அகாடமி விதி வந்த 2001-இல் ஒன்பது வயதுச் சிறுவன். டோர்ட்மண்ட் அகாடமியில் வளர்ந்தவர். இதை அதிர்ஷ்டம் என்று சொல்வோர், அந்தப் பதின்மூன்று ஆண்டு உழைப்பை எங்கே வைப்பார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

தாயக்கட்டை:
நண்பர் இளவேனில் கோட்சேயின் கோலில் முடிக்கிறார்; அந்தக் கோல் எப்படி வந்தது என்பதையும் சொல்லியிருக்கலாம். இறுதிப் போட்டிக்கு முன் உடலைச் சூடேற்றும் பயிற்சியிலேயே சமி கெதீராவுக்குக் காயம் ஏற்பட்டது. அவருக்குப் பதிலாக ஆட வந்த கிறிஸ்டோஃப் கிராமர், மோதலில் தலையில் அடிபட்டு 31-ஆம் நிமிடத்தில் வெளியேறினார். அவருடைய இடத்தில் வந்த ஆந்த்ரே ஷுர்லேதான் 113-ஆம் நிமிடத்தில் இடது ஓரத்திலிருந்து கோட்சேவுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தவர். இரண்டு காயங்களும் நடக்காதிருந்தால் ஷுர்லே அந்த நேரத்தில் அந்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்திருப்பாரா என்று யாரால் சொல்ல முடியும்? இதே ஆட்டத்தின் 21-ஆம் நிமிடத்தில், டோனி குரூஸ் தவறாகத் தலையால் பின்னுக்குத் தட்டிய பந்து அர்ஜென்டினாவின் கொன்சாலோ ஹிகுவெய்னுக்குக் கிடைத்தது. எதிரே ஜெர்மனியின் கோல்காப்பாளர் நோயர் மட்டுமே நின்றபோதும் அவர் பந்தை வெளியே அடித்தார். அது உள்ளே போயிருந்தால் இன்று நாம் அர்ஜென்டினாவின் பயிற்சி முறையைப் புகழ்ந்து எழுதிக்கொண்டிருப்போம்.

அந்தத் தொடர் முழுவதும் 64 ஆட்டங்களில் 171 கோல்கள், அதாவது ஆட்டத்துக்கு மூன்றுகூட இல்லை. இவ்வளவு குறைவாகக் கோல் விழும் ஒரு விளையாட்டில், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் ஏழு ஆட்டங்களை வைத்து ஒரு நாட்டின் கல்வித் திட்டத்துக்கு மதிப்பெண் போடுவது எனக்கு வியப்பாக இருக்கிறது. தவிரவும், அந்த அணியின் தூண்கள் எல்லோரும் அகாடமி விதியின் பிள்ளைகள் அல்லர். நோயர், லாம், ஷ்வைன்ஸ்டைகர் மூவரும் 2001-க்கு முன்பே தத்தம் கிளப்புகளில் சேர்ந்துவிட்டவர்கள். உலகக் கோப்பையில் 16 கோல் என்ற சாதனையை அந்தத் தொடரில் படைத்த மிரோஸ்லாவ் குளோசே, இருபது வயது வரை ஒரு சிற்றூர்க் கிளப்பில் ஆடியவர்.

எல்லைக்கோடு:
இருவரும் பயிற்சியாளரை மறந்துவிட்டீர்கள். வளர்ந்த வீரர்கள் இருந்தால் போதுமென்றால் 2012 யூரோ கோப்பையையே ஜெர்மனி வென்றிருக்க வேண்டும்; அந்த ஆண்டு அரையிறுதியில் இத்தாலியின் பிர்லோவைக் கட்டுப்படுத்துவதற்காகப் பயிற்சியாளர் லோவ் தன் அணியின் அமைப்பையே மாற்றினார், இத்தாலியின் பாலோட்டெல்லி இரண்டு கோல் அடித்தார், கதை முடிந்தது. அதே லோவ் 2014-இல் செய்ததைப் பாருங்கள். தொடரின் தொடக்கத்தில் ஃபிலிப் லாமை அவர் நடுக்களத்தில் ஆட வைத்தார். கானாவுடன் 2-2 என்று சமன் ஆனது, அல்ஜீரியாவுடன் தொண்ணூறு நிமிடம் கோலே இல்லாமல் திணற நேர்ந்தது. பிரான்ஸுக்கு எதிரான காலிறுதியில் லாம் மீண்டும் வலது பின்வரிசைக்குப் போனார். அந்த ஆட்டத்தை 1-0 என்று வென்ற அணி, அடுத்து பிரேசிலை 7-1 என்று தகர்த்தது. ஃப்ரீகிக், கார்னர் ஆகியவற்றுக்கு உதவிப் பயிற்சியாளர் ஹன்சி ஃபிளிக் தனியாக நேரம் ஒதுக்கினார். பிரான்ஸுக்கு எதிராக ஹம்மல்ஸ் அடித்த ஒரே கோலும், பிரேசிலுக்கு எதிரான முதல் கோலும் அப்படி வந்தவையே.

தாயக்கட்டை:
லாமைப் பின்வரிசைக்கு மாற்றியது லோவின் மதிநுட்பம் அன்று, முஸ்தாஃபியின் தொடை. அல்ஜீரியா ஆட்டத்தின் நடுவில் அவருக்குத் தசை கிழிந்ததால் கெதீரா உள்ளே வந்தார், லாம் வலது பக்கம் போனார். அந்த முஸ்தாஃபியும் மார்கோ ராய்ஸ் தொடருக்குச் சில நாட்கள் முன்பு காயமடைந்ததால் அணியில் சேர்க்கப்பட்டவர். பிரேசில் ஆட்டத்தைச் சொல்கிறீர்கள்; அன்று நெய்மார் முதுகெலும்புக் காயத்துடன் வெளியே, தலைவர் தியாகோ சில்வா தடையில் வெளியே.

எல்லைக்கோடு:
காயம் ஒரு கதவைத் திறந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அல்ஜீரியா ஆட்டத்துக்கும் பிரான்ஸ் ஆட்டத்துக்கும் இடையே நான்கு நாட்கள் இருந்தன. வலது பின்வரிசையில் போடெங்கை நிறுத்திவிட்டு லாமை மறுபடி நடுக்களத்துக்கே அனுப்ப லோவால் முடியும்; போர்ச்சுகலுக்கு எதிராக அப்படித்தான் செய்தார். இந்த முறை அவர் அதைச் செய்யவில்லை. தற்செயலாகக் கிடைத்த ஒன்று பயனுள்ளது என்று கண்டு, தன் பழைய பிடிவாதத்தை விட்டு அதை வைத்துக்கொள்வது பயிற்சியாளரின் வேலை. அந்த வேலையைச் செய்யாத பயிற்சியாளர்கள் ஏராளம்.

பார்வையாளன்:
2004-இல் யூரோ கோப்பையை வென்ற கிரேக்கத்தை யாரும் ஏன் பேசவில்லை? அதற்கு முன் பெரிய தொடர்களில் ஓர் ஆட்டம்கூட வெல்லாத அணி அது. ஓட்டோ ரேஹாகல் என்ற ஜெர்மன் பயிற்சியாளர், பிரான்ஸ், செக் குடியரசு, போர்ச்சுகல் மூன்றையும் அடுத்தடுத்து 1-0 என்று வீழ்த்திக் காட்டினார். அங்கே எந்த அகாடமிப் புரட்சி நடந்தது?

இளவேனில்:
பார்வையாளன் அவர்களின் கேள்வியே என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. கிரேக்கம் குரூப் சுற்றில் ஸ்பெயினுடன் புள்ளியிலும் கோல் வித்தியாசத்திலும் சமமாக நின்று, அதிக கோல் அடித்திருந்ததால் மட்டுமே அடுத்த சுற்றுக்குப் போனது. பயிற்சியாளரும் அதிர்ஷ்டமும் சேர்ந்து ஒரு கோடையை வெல்ல முடியும். அதே பயிற்சியாளர் இருந்தும் 2006 உலகக் கோப்பைக்கு அந்த அணி தகுதி பெறவில்லை; 2008 யூரோவில் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது.

ஜெர்மனியின் கணக்கு வேறு. 2006, 2008, 2010, 2012, 2014, 2016 என்று ஆறு பெரிய தொடர்களில் தொடர்ந்து அரையிறுதிக்கு வந்தது. தாயக்கட்டை சொல்லும் காயங்களும் தவறிய கோல்களும் அரையிறுதிக்கு மேலே நடப்பவற்றை விளக்கலாம். பத்து ஆண்டுகள் விடாமல் அந்த வாசல் வரை வந்ததை அவற்றால் விளக்க முடியாது. 2009-இல் 21 வயதுக்குட்பட்டோர் யூரோ கோப்பையை வென்ற அணியிலிருந்து நோயர், ஹம்மல்ஸ், போடெங், ஹூவெடெஸ், கெதீரா, ஓசில் என்று ஆறு பேர் 2014 அணியில் இருந்தார்கள். நோயரை 2001-க்கு முந்தியவர் என்று கழித்தாலும், ஒரே வயதுக் கூட்டத்திலிருந்து இத்தனை பேர் ஒன்றாக மேலே வந்தது தற்செயலாக இருக்க முடியாது.

தாயக்கட்டை:
அப்படியானால் 2018-ஐயும் 2022-ஐயும் அதே அகாடமியின் கணக்கில் எழுத வேண்டும், இரண்டிலும் குரூப் சுற்றோடு வெளியேற்றம். அகாடமிகள் மூடப்படவில்லை, 2018-இல் பயிற்சியாளரும் மாறவில்லை. தென்கொரியாவை வென்றிருந்தால் அடுத்த சுற்று. 87-ஆம் நிமிடத்தில் ஹம்மல்ஸ் தலையால் அடித்த பந்து விலகிப் போனது, கூடுதலாகக் கொடுக்கப்பட்ட நிமிடங்களில் கொரியா இரண்டு கோல் அடித்தது. வென்றால் திட்டம், தோற்றால் துரதிர்ஷ்டம் என்று நீங்கள் சொல்ல முடியாது.

இளவேனில்:
சொல்ல மாட்டேன். 2018-இன் பொறுப்பை நான் லோவ் மீதே வைக்கிறேன். 2017 கோடையில் ஜெர்மனியின் இரண்டாம் வரிசை அணி கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையை வென்றது, அதே வாரத்தில் 21 வயதுக்குட்பட்டோர் அணி யூரோ கோப்பையை வென்றது. ஆள் பஞ்சம் இல்லை. அடுத்த ஆண்டு லோவ் இளம் வீரர் லெராய் சானேவை வீட்டில் விட்டுவிட்டு 2014-இன் வீரர்களை நம்பிப் போனார். 2022-இல் மட்டும் அகாடமியின் குறை வெளிப்பட்டது. ஒரே அச்சில் வார்த்தது போன்ற நேர்த்தியான மிட்ஃபீல்டர்கள் குவிந்தார்கள், நல்ல ஸ்ட்ரைக்கர் இல்லை. ஸ்பெயினுக்கு எதிராகச் சமன் செய்ய, அந்த மாதம்தான் 29 வயதில் முதல்முறை தேசிய அணிக்கு ஆடிய ஃபுல்குருக் வேண்டியிருந்தது.

எல்லைக்கோடு:
2022-இல் ஜப்பான் ஆட்டத்தை விட்டுவிடாதீர்கள். 1-0 என்று முன்னிலையில் இருந்தபோது 67-ஆம் நிமிடத்தில் குண்டோகனையும் முல்லரையும், அப்போது தலைமைப் பயிற்சியாளராகிவிட்ட ஃபிளிக் வெளியே எடுத்தார். அதன் பிறகு பதினாறு நிமிடங்களுக்குள் ஜப்பான் இரண்டு கோல் அடித்தது. அதற்கு எந்த அகாடமியும் பொறுப்பில்லை.

இளவேனில்:
நான் சொன்ன அகாடமிக் குறையைச் சங்கமும் கண்டுகொண்டது. 2024-25 சீசன் முதல், சிறு பிள்ளைகளுக்குச் சின்னக் கோல் கம்பங்களுடன் குறைந்த பேர் ஆடும் ஆட்டங்கள் கட்டாயமாகிவிட்டன; எல்லாக் குழந்தையும் அதிக முறை பந்தைத் தொட வேண்டும், தனியாக ஒருவரைத் தாண்டிப் போகப் பழக வேண்டும் என்பது நோக்கம். இடையில் 2023-இல் 17 வயதுக்குட்பட்டோர் அணி யூரோவையும் உலகக் கோப்பையையும் ஒரே ஆண்டில் வென்றிருக்கிறது.

தாயக்கட்டை:
அந்த யூரோ இறுதியில் பிரான்ஸை வென்றது பெனால்ட்டியில். உலகக் கோப்பை அரையிறுதியில் அர்ஜென்டினாவை வென்றது பெனால்ட்டியில். இறுதியில் மறுபடியும் பிரான்ஸை வென்றதும் பெனால்ட்டியில்.

இளவேனில்:
அதனால்தான் நான் கோப்பைகளை எண்ணவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு 25 வயதாகும்போது, தொடர்ந்து நான்கு பெரிய தொடர்களில் மூன்றிலாவது ஜெர்மனி அரையிறுதிக்கு வரவில்லையென்றால், சீர்திருத்தம் தோற்றது என்று நானே இங்கு வந்து எழுதுகிறேன். அதிர்ஷ்டக் கட்சிக்கும் அப்படி ஓர் அளவுகோல் இருந்தால் சொல்லுங்கள்.