மாவுக்கட்டு போட்ட காலில் விரல் வீங்குகிறது, என்ன பார்க்க வேண்டும்?

வேளச்சேரிவாசி:
அம்மாவுக்கு 62 வயது. மாடிப்படியில் வழுக்கி முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, முந்தாநாள் மாவுக்கட்டு போட்டு அனுப்பிவிட்டார்கள். விரல் லேசாக வீங்கியிருக்கிறது, நம்ம ஊர் புழுக்கத்தில் உள்ளே அரிப்பு வேறு, ஸ்கேல் கொடு சொறிந்துகொள்கிறேன் என்று ஒரே பிடிவாதம். ராத்திரி எதைக் கவனிக்க வேண்டும்?

நர்ஸக்கா:
முதலில் ஸ்கேலைப் பிடுங்கி வையுங்கள். உள்ளே தோல் கிழிந்தால் வெளியே தெரியாது, வாடை அடிக்கும்போதுதான் தெரியும். ஹேர் டிரையரைக் குளிர் காற்றில் வைத்துக் காட்டலாம். தலையணை வைத்துக் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வையுங்கள். தொங்கவிட்டு சீரியல் பார்த்தால் வீங்கத்தான் செய்யும். விரலை அடிக்கடி ஆட்டச் சொல்லுங்கள். அப்புறம் கால் நகத்தை அழுத்தி விட்டால், வெளுத்தது 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும்.

விரல் ஜில்லிட்டு, மரத்துப்போய், மாத்திரைக்கும் அடங்காத வலி, அதுவும் விரலை நிமிர்த்தினாலே உயிர் போகிற வலி என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். உள்ளே அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் தடைபடலாம், சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். உடனே 108. அப்போது மட்டும் காலை உயர்த்தாமல் நெஞ்சு மட்டத்திலேயே வைக்க வேண்டும்.

பெரம்பூர் தம்பி:
அப்பாவுக்கு இப்படித்தான், "புதுக் கட்டு, அப்படித்தான் இருக்கும்" என்று டியூட்டியில் இருந்தவர் அனுப்பப் பார்த்தார். சண்டை போட்ட பிறகுதான் கட்டைப் பிளந்து தளர்த்தினார்கள், அரை மணியில் தூங்கிவிட்டார்.

வேளச்சேரிவாசி:
நகம் சிவக்கிறது அக்கா. ஸ்கேல் பீரோ மேலே போய்விட்டது, அம்மா என்னோடு பேசுவதில்லை.