வொய்சிங்குக்கு தமிழ் என்ன? (வெள்ளிக்கு முதல் வேணும்)

கிளிநொச்சி ரீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். பாடகர் குழாம் பழக்கிற ஆசிரியர்மாருக்கு கைந்நூல் ஒண்டு செய்யிறம், வெள்ளி அச்சுக்குப் போகுது. எந்தக் குழாத்துக்கு எந்தப் பாட்டு எடுக்கிறது எண்ட பகுதி தொடங்கவே தடக்குது. பாட்டுத்தாளின்ர மேல எஸ்ஏரிபி, எஸ்எஸ்ஏ, ரிரிபிபி எண்டு கிடக்குமெல்லோ, பாட்டு எந்தெந்தக் குரலுக்குப் பிரிச்சு எழுதியிருக்கு எண்டு காட்டிற அந்த வொய்சிங்குக்குத்தான் சொல் வேணும். எஸ் எண்டா சொப்பிரானோ, ஏ எண்டா அல்ற்றோ, ரெண்டும் பொம்பிளையளின்ர மேல்குரலும் கீழ்க்குரலும்; ரி ரெனர், பி பேஸ், ஆம்பிளையளின்ர மேல்குரலும் கீழ்க்குரலும். இஞ்ச கனக்க பொம்பிளைப் பிள்ளையள், குரல் உடையிற வயசில பெடியள் நாலஞ்சு பேர், அவங்களை ரெனர் பேஸ் எண்டு பிரிச்சா ரெண்டுமே கேக்காது, பெடியளுக்கு ஒரே குரல் வாற எஸ்ஏபி எடுத்தாத்தான் தப்பலாம். சிலர் ரெனரைத் தூக்கி பொம்பிளைப் பிள்ளையளுக்குக் குடுக்கினம், அது ஒரு ஸ்தாயி மேல ஏறி அல்ற்றோவுக்கு மேல போய் நிக்கும், பிறகு சுருதி எல்லாம் நாசம். நான் ‘குரற்கட்டு’ எண்டு போட்டிருக்கிறன், சரியோ?

மாங்குளம்:
ரீச்சர், குரற்கட்டு எண்டா தொண்டை கட்டிப்போச்செண்டு மல்லி அவிச்சுக் குடுப்பினம் 😄 குரல்பிரிப்பு எண்டு போடுங்கோ.

ஒட்டுசுட்டான் ஐயா:
தம்பி, முதல்ல புணர்ச்சி. குரற்பிரிப்பு. அடுத்தது, பழைய இசைத்தமிழில குரல் எண்டது ஒரு சுரத்தின்ர பேர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். அதைப் பிரிக்கிறதெண்டா என்ன பொருள்? மெலிவு, சமன், வலிவு எண்டு தானம், அதாவது ஸ்தாயி, மூண்டு இருக்கு, ‘தானவகுப்பு’ எண்டு எழுதுங்கோ.

மாங்குளம்:
அன்னதானத்துக்குப் பேர் பதியிற மாதிரிக் கிடக்கு ஐயா. மற்றது மூண்டு தானத்துக்குள்ள நாலு குரலை எப்பிடி அடைக்கிறது, அல்ற்றோவும் ரெனரும் பாதி ஒண்டுக்குமேல ஒண்டுதானே கிடக்குது.

முல்லைத்தீவு:
கோவலன் கூத்தில பிற்பாட்டு எண்டு இருக்கே, அதை ஏன் ஒருத்தரும் யோசிக்கேல்லை? ஒருத்தர் படிச்சதை மற்றாக்கள் அதே மெட்டில திருப்பிப் படிக்கிறது, அதால இதுக்குப் பொருந்தாதுதான், சும்மா சொல்லிவைச்சன்.

ரொறன்ரோ:
வொய்சிங் எண்டே விடுங்கோவன். இணையத்தில பாட்டுத் தேடப் போற ரீச்சருக்கு அந்த எஸ்ஏபி எண்ட எழுத்துத்தான் உதவும், தானவகுப்பெண்டு தேடினா ஒண்டும் வராது.

ஒட்டுசுட்டான் ஐயா:
இப்பிடி விட்டு விட்டுத்தான் பாதி அகராதி போச்சு.

மடுப்பக்கம்:
எங்கட கோயில்ல முதலாம் குரல், ரெண்டாம் குரல் எண்டுதான் பழக்கம், ஆவணித் திருவிழாப் பாட்டுக்கு அது காணும். குரற்பிரிப்பெண்டாலும் சனத்துக்கு விளங்கும்.

கிளிநொச்சி ரீச்சர்:
சரி, குரற்பிரிப்பு, பக்கத்தில எஸ்ஏபி. மூண்டு பேர் ஓம் எண்டிட்டினம்.

ஒட்டுசுட்டான் ஐயா:
நான் ஓம் எண்டேல்லை, குறிச்சு வையுங்கோ. அதுசரி பிள்ளை, குழாமோ குழுவோ?

கிளிநொச்சி ரீச்சர்:
ஐயா, அட்டை அடிச்சாச்சு.