1972 சி10: பின்பக்கம் நாலு அங்குலம் இறக்க சேஸியை வெட்டலாமா?

ஹூஸ்டன்_வேலன்:
என் வண்டி 1972 செவர்லே சி10 பிக்கப். முன்பக்கம் இறக்கியாச்சு, பின்பக்கம் மட்டும் தூக்கிட்டு நிக்குது. நாலு அங்குலம் குட்டையான காயில் ஸ்பிரிங் போட்டு, ஆக்சிலுக்கு மேல சேஸியை அரைவட்டமா வெட்டி வெட்டின இடத்துக்குப் பலமா ‘சி நாட்ச்’ தகடு போல்ட் பண்ணப் போறேன். ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க.

பழைய_இரும்பு:
எனக்கு இருக்கு. ஐம்பது வருஷம் தாண்டி நேரா நிக்கிற சேஸியை எதுக்கு அறுக்கணும்? ரெண்டு அங்குல ஸ்பிரிங்கோட நிறுத்துங்க. மனசு மாறினா பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டிக்கலாம். அறுத்த சேஸியை அப்படி மாத்த முடியாது.

ஹூஸ்டன்_வேலன்:
அண்ணே, முன்னாடி இறங்கின அளவுக்கு ரெண்டு பத்தாது. நாலு இறக்கிட்டு நாட்ச் போடாம விட்டா ஆக்சில் மேல ஏற இடமே கிடையாது. பள்ளத்துல விழும்போதெல்லாம் சேஸியில போய் இடிக்கும். அந்த அடிதான் சேஸிக்கு ஆபத்து.

குட்டி_மெக்கானிக்:
புது ஸ்பிரிங் எதுக்கு? இருக்கிற காயில்லயே ஒரு சுத்து அறுத்தா இறங்கிடுமே?

டிரெய்லிங்_ஆர்ம்:
வேண்டாம் தம்பி. இந்த வண்டியில பின் காயிலோட ரெண்டு முனையையும் தகடு வச்சு இறுக்கியிருக்காங்க. அறுத்த முனை அதுல சரியா உக்காராது. சுத்து குறைஞ்சா ஸ்பிரிங் விறைப்பும் கூடும். சூடுபண்ணி இறக்குறது அதைவிட மோசம், எஃகோட பதமே போயிடும்.

வேலன், நாட்ச் மட்டும் போட்டா வேலை முடிஞ்சிடாது. ஆக்சில் பக்கவாட்டுல நகராம பிடிக்கிற பான்ஹார்ட் பாரோட ஒரு முனை சேஸியில, இன்னொண்ணு ஆக்சில்ல. உயரம் மாறினதும் அது ஆக்சிலை ஒரு பக்கமா தள்ளிடும், ஒரு டயர் மட்டும் ஃபெண்டர் பக்கம் ஒட்டி நிக்கும். நீளத்தை மாத்தக்கூடிய பார் கட்டாயம் வேணும். ஆக்சிலை முன்னாடி சேஸியோட இணைக்கிற டிரெய்லிங் ஆர்ம் பின்னாடி உயரும்போது ஆக்சிலும் சேர்ந்து திரும்புறதால பினியன் மூக்கு, அதாவது டிரைவ்ஷாஃப்ட் வந்து சேர்ற முனை, கீழே சாயும். ஆர்முக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல ஆப்பு ஷிம் (சாய்வான தகடு) வைக்காட்டி ஓட்டத்துல அதிர்வு வரும். குட்டை ஷாக் அப்சார்பரும் வாங்கிடுங்க, பழசு பாதி அமுங்கின நிலையிலேயே வேலை செய்யும்.

பழைய_இரும்பு:
பாருங்க, ரெண்டு அங்குலம் கூட இறக்க எத்தனை பாகம் மாத்த வேண்டியிருக்கு! இது பிக்கப். பெட்டியில மண்ணு மூட்டை ஏத்தினா மிச்சம் இருக்கிற ஸ்பிரிங் ஓட்டமும் போயிடும்.

ஹூஸ்டன்_வேலன்:
நான் சுமை ஏத்துறதே இல்ல அண்ணே. 1973ல வந்த அடுத்த மாடலா இருந்தா பின்னாடி லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்). அதுல ஃபிளிப் கிட் போட்டு ஆக்சிலை லீஃபுக்கு மேல மாத்துவாங்க, அதுக்கும் நாட்ச் வேணும். இந்த உயரத்துக்கு வேற வழி இல்ல. பார், ஷிம், ஷாக் மூணையும் பட்டியல்ல சேர்த்துட்டேன்.

பழைய_இரும்பு:
நான் இன்னும் வெட்டாதீங்கன்னுதான் சொல்வேன். வெட்டியே தீருவேன்னா, முதல்ல நாட்ச் தகட்டை சேஸியில வச்சு போல்ட் ஓட்டைகளைக் குறிங்க, அப்புறம் வெட்டுங்க. வளைவுல கூர்மூலை விடாதீங்க, விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். வெட்டின விளிம்பை வழவழன்னு தேய்ச்சு பிரைமர் அடிச்சிட்டு தகட்டை மாட்டுங்க.