யாங்கோன் வெப்பத்தில் ஷான் மலை மீனை ஈன வைத்தல்

கடைகளில் கேலக்சி ரஸ்போரா என்று விற்கப்படும் சிறு மீன், பர்மாவின் ஷான் மாநிலத்தில் ஹோபோங் நகரை அடுத்த, நீர்ச்செடிகள் அடர்ந்த குளங்களிலிருந்து 2006-ஆம் ஆண்டு வெளியுலகுக்கு வந்தது. மறு ஆண்டே டைசன் ராபர்ட்ஸ் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்; இன்று அது டானியோ மார்கரிடேட்டஸ் எனப்படுகிறது. முழு வளர்ச்சியிலும் இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டாத இம்மீனை வணிகத்துக்காக ஏராளமாகப் பிடித்தபோது, குளங்களில் அது அற்றுப்போகுமோ என்ற கவலை எழுந்தது. அதனால்தான் யாங்கோனில் வாழும் நான், வாங்குவதைவிட வீட்டிலேயே ஈன வைப்பதை விரும்புகிறேன்.

முதலில் பருவத்தைச் சொல்ல வேண்டும். அக்குளங்கள் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நீர் குளுமையானது. திஞ்ஜான் நீர்விழா வரும் சித்திரையிலோ நம் வீட்டுத் தொட்டி நீர் 30 பாகையை எளிதில் கடந்துவிடுகிறது. அந்தச் சூட்டில் ஆண்மீன்களின் செந்நிறம் மங்கி, முட்டைகளும் வெளுத்துப் போவதையே நான் கண்டிருக்கிறேன். ஆகவே கார்த்திகை முதல் தை வரை, நீர் 24, 25 பாகையில் நிற்கும் காலத்தில் மட்டுமே இணை சேர்க்கிறேன்.

பத்து லிட்டர் அளவுள்ள தனித் தொட்டியில் பழைய தொட்டியின் நீரை ஊற்றி, ஜாவா பாசியை அடர்த்தியாக இட்டு, கொசுப்புழு தின்று வயிறு நிறைந்த பெண்மீன் இரண்டையும் ஆண்மீன் ஒன்றையும் விட்டால் போதும். ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் இறைக்கும் வரிக்குதிரை டானியோ போலன்றி, இது சிறுகச் சிறுகப் பாசிக்குள் முட்டையிடும். தாய்மீன்களே முட்டைகளைத் தின்றுவிடும் என்பதால், இரண்டு மூன்று நாட்களில் பெரிய மீன்களை எடுத்துவிட வேண்டும்.

முட்டை பொரிய மூன்று நான்கு நாட்களாகும். அதற்குப் பின் வரும் நாட்களில்தான் பலர் நம்பிக்கை இழக்கிறார்கள். குஞ்சுகள் கருநிறத் துணுக்குகளாகப் பாசியிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு அசையாதிருக்கும். மோல்மேனில் மீன் வளர்க்கும் தம்பி ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, ஒண்ணுகூட மிஞ்சலை, தொட்டியைக் கழுவிடவா?" என்று கேட்டார். "கையை வைக்காதே தம்பி, ராத்திரி டார்ச் அடிச்சுப் பாசி ஓரமாப் பாரு" என்றேன். மறுநாள் காலை அவரே அழைத்து, கண்கள் மட்டும் மின்னுவதைக் கண்டதாகச் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி அவருடையதைவிடக் குறைந்ததன்று.

குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும், உணவு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாக இருக்க வேண்டும். அரைத்த மீன்தீனி அவற்றின் வாய்க்குள் நுழையாது, நீரைத்தான் கெடுக்கும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரில் வைக்கோலையோ முட்டைக்கோஸ் இலையையோ ஊறவைத்தால், முதலில் கலங்கி நாறும் நீர் சில நாட்களில் தெளியும். அப்போது அதில் நிறைந்திருக்கும் நுண்ணுயிர்களே முதல் தீனி. முட்டை இடப்பட்ட அன்றே இதைத் தொடங்கிவிடுவது நல்லது. வினிகரில் வளரும் நுண்புழுவான வினிகர்ப் புழுவும் பயன்படும், ஏனெனில் அது அடியில் தங்காமல் நீரெங்கும் நீந்திக்கொண்டிருக்கும். ஒரு வாரம் பத்து நாட்களுக்குப் பின், அன்று பொரித்த ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலைத் தின்னத் தொடங்கினால் மீன்குஞ்சுகளின் வயிறு ஆரஞ்சு நிறமாகத் தெரியும். அதைக் கண்ட பிறகுதான் நான் நிம்மதியடைகிறேன்.

மின்சாரம் நின்றுபோவதைப் பற்றிப் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. நீர் ஆழமின்றியும் குஞ்சுகள் நெருக்கமின்றியும் இருந்தால், பஞ்சு வடிகட்டி சில மணி நேரம் ஓடாவிட்டாலும் அவை தாங்கும். மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கையிருப்பில் இருந்தால் இன்னும் நல்லது. முத்துப் புள்ளிகளும் சிவப்பும் துலங்க இரண்டு மூன்று மாதங்களாகும் என்பதால், அதற்கு முன் மங்கிய நிறத்தைக் கண்டு நோயென்று மருந்து ஊற்றாதீர்கள்.

இன்லே ஏரியில் மட்டுமே வாழும் அதன் உறவினமான டானியோ எரித்ரோமைக்ரானையும் இதே முறையில் ஈன வைக்கலாம்; அந்த ஏரி நீர் காரத்தன்மை உடையது என்பதால் வெறும் மழைநீரில் விடாதிருப்பது நலம். யாங்கோனைவிடச் சூடான மண்டலேயில் இவற்றைக் கோடை முழுவதும் காப்பாற்றியவர்கள், நீரை எவ்வாறு குளிர்வித்தார்கள் என்பதை விரிவாக எழுதினால், வரும் சித்திரைக்கு எனக்குப் பேருதவியாக இருக்கும்.