அரசு நிலத்தை அரசுக்கே எதற்கு மாற்றிக் கொடுக்க வேண்டும்? யுரேனியக் கழிவு நிலம் பற்றி ஒரு சந்தேகம்

கேள்வி: இரணியல் மாணவி

வணக்கம். நாகர்கோவிலில் எம்.எஸ்சி. ஜியாலஜி படிக்கிறேன். என் புராஜெக்ட், மோனசைட் என்ற தோரியத் தாது கலந்த மணவாளக்குறிச்சி கடற்கரை மணலைப் பற்றியது. கதிரியக்கக் கழிவை மற்ற நாடுகளில் கடைசியில் என்ன செய்கிறார்கள் என்று ஒரு அத்தியாயமும் எழுதச் சொல்லியிருக்கிறார் கைடு. அதற்காக அமெரிக்காவின் மேற்குப் பக்கம் இருந்த பழைய யுரேனிய ஆலைகளைப் பற்றிப் படித்துக்கொண்டு வந்தபோது ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டேன்.

தாதுவை அரைத்து யுரேனியத்தை எடுத்த பிறகு மிஞ்சுகிற மணலும் சேறும் குன்று போலக் குவிந்து கிடந்தன. அதன் மேல் களிமண் போட்டு, அதற்கு மேல் கல் அடுக்கி மூடிவிட்டார்கள். இதுவரை புரிகிறது. ஆனால் அந்த இடம் ஏற்கெனவே மத்திய அரசின் பொது நிலமாக இருந்தால்கூட, நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் துறையிடமிருந்து எரிசக்தித் துறைக்கு நிரந்தரமாக மாற்றிக் கொடுக்கிறார்கள். இரண்டுமே ஒரே அரசின் துறைகள்தானே? வலது கையில் இருப்பதை இடது கைக்கு மாற்ற எதற்கு இவ்வளவு சட்டம், உத்தரவு, அறிவிப்பு? மாற்றாமல் அப்படியே விட்டால் என்ன கெட்டுப்போகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நம்ம மாவட்டத்துக்கு இதில் ஏதாவது பாடம் இருந்தால் அதையும்.

பதில்: கொலராடோ மார்த்தாண்டத்தான்

தங்கச்சி, நான் மார்த்தாண்டம் பக்கம். பதினோரு வருஷமாக இங்கே நிலத்தடி நீர் மாதிரி எடுக்கும் வேலை. நீங்கள் சொல்கிற மாதிரி மூடிய இடங்கள் சிலவற்றுக்கு நேரில் போயிருக்கிறேன்.

முதலில், இங்கே பொது நிலம் என்றால் சும்மா கிடக்கிற நிலம் இல்லை. அதைப் பார்த்துக்கொள்ளும் துறையின் கையில் சுமார் 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது. மாடு மேய்க்க, எண்ணெய் எடுக்க, வேட்டையாட, கூடாரம் அடிக்க என்று பல பேருக்குப் பல விதமாக நிலத்தைப் பயன்படக் கொடுப்பதுதான் அந்தத் துறையின் வேலையே. போதாததற்கு 1872-ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. பொது நிலத்தில் தாது கண்டவர் எல்லைக்குக் கம்பு நட்டு, இது என் உரிமை என்று பதிவு செய்துகொள்ளலாம். கழிவைப் புதைத்த இடத்தில் ஒருவர் வந்து அப்படிக் கம்பு நட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதனால்தான் அந்த நிலத்தைப் பொதுப் பயன்பாட்டிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். தற்காலிகமாக விலக்கி வைக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் 5000 ஏக்கரும் அதற்கு மேலும் என்றால் ஒரு தடவைக்கு 20 வருஷத்துக்கு மேல் முடியாது. இந்தக் கழிவுக்கு 20 வருஷம் எந்த மூலைக்கு? தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் கழிவிலேயே தங்கிவிடுகிறது. அதில் இருக்கும் ரேடியம்-226 பாதியாகக் குறையவே 1600 வருஷம் ஆகும், அந்த ரேடியத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும் தோரியம்-230-க்கு சுமார் 75,000 வருஷம்.

யாருக்கும் பொறுப்பில்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் இருக்கிற பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. கிராண்ட் ஜங்ஷன் என்ற ஊரில் ஆலைக் கழிவு பார்ப்பதற்கு நல்ல சன்ன மணல் போல இருந்தது. 1950-களிலும் 60-களிலும் ஜனங்கள் அதை வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போய் வீட்டு அஸ்திவாரத்திலும் கான்கிரீட்டிலும் தோட்டத்திலும் போட்டார்கள். பிறகு வீட்டுக்குள் ரேடான் என்ற கதிரியக்க வாயு வருகிறது என்று தெரிந்து, அந்தச் சுற்றுவட்டாரத்தில் மட்டும் 4000-க்கும் மேற்பட்ட இடங்களைத் தோண்டி எடுக்க வேண்டி வந்தது. நம்ம ஊரில் மணல் கிடைக்காமல் கொத்தனார்கள் படுகிற பாட்டை நினைத்தால், அந்த ஜனங்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மணல் கிடந்தது, ஏன் எடுக்கிறாய் என்று கேட்க ஆள் இல்லை.

1978-ல் வந்த யுரேனிய ஆலைக் கழிவுச் சட்டம் இதற்காகத்தான். பொறுப்பு எரிசக்தித் துறைக்குப் போனதும், அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமத்தின் கீழ் அந்த நிலத்தை அது வைத்திருக்க வேண்டும். அந்த உரிமத்துக்கு முடிவுத் தேதி கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஆட்கள் போய் முழுக்க நடந்து பார்க்க வேண்டும். நானும் ஒரு தடவை கூடப் போனேன். மூடிய மேட்டின் மேல் கால் வைத்தால் கருங்கல் ஜல்லி, நம்ம ரயில் தண்டவாளத்தில் கிடப்பதைவிடப் பெரிது. கூட வந்த அம்மா ஒருவர் குனிந்து குனிந்து கல் இடுக்கில் முளைத்த செடிகளைக் குறித்துக்கொண்டே வந்தார். வேர் ஆழமாகப் போகிற செடி என்றால் கீழே இருக்கும் களிமண்ணைத் துளைத்துவிடும், அந்த வழியாக மழைநீர் இறங்கும், வாயு மேலே வரும். ஒரு ஓரத்தில் கிரானைட் கல் ஒன்று, அதில் இடத்தின் வரைபடம், மூடிய தேதி, எத்தனை டன் கழிவு, எவ்வளவு ரேடியம் என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். பேப்பர் போனாலும் கல் பேச வேண்டும் என்று.

பதில்: தக்கலை வருவாய்

மக்களே, நான் வருவாய்த் துறையில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அணு விஷயம் எனக்குத் தெரியாது, நிலம் தெரியும். ஒரே அரசுக்குள் எதற்கு மாற்றம் என்று கேட்டீர்களே, அது எங்களுக்கு அன்றாட வேலை. புறம்போக்கை இன்னொரு துறைக்குக் கொடுத்தால் நில மாற்றம் என்று ஒரு கோப்பு ஓடும். அந்தக் கோப்பு ஒழுங்காக இருந்தால் நிலத்துக்குக் கேட்பார் உண்டு, இல்லாவிட்டால் கிடையாது. அவ்வளவுதான்.

நான் பார்த்த ஒன்று சொல்கிறேன், ஊர் பெயரும் துறை பெயரும் வேண்டாம். கல்குளம் தாலுகாவில் இரண்டு ஏக்கர் சொச்சம் புறம்போக்கு, ஓடைக் கரையை ஒட்டி. ஒரு துறைக்குக் கொடுத்தோம், சுற்றுச்சுவர் கட்ட வேண்டும், வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நிபந்தனை எல்லாம் போட்டுத்தான் கொடுத்தோம். இருபது வருஷம் கழித்து ஒரு மழையில் சுவர் விழுந்து ஓடை அடைத்து, பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. அந்தத் துறையைக் கேட்டால் எங்கள் சொத்துப் பட்டியலில் இப்படி ஒரு இடமே இல்லை என்கிறார்கள். எங்கள் பக்கம் கோப்பைத் தேடினால் கறையான் அரித்த நூல்கட்டுதான் மிஞ்சியிருக்கிறது. கடைசியில் சர்வேயரோடு போய் எல்லைக் கல்லைத் தேடினோம். நாலில் இரண்டு கல் கிடைக்கவில்லை. மூன்றாவது கல்லைக் காட்டித் தந்தது ஒரு வயதான அம்மை, பல வருஷமாக அதன் மேல்தான் துணி துவைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். இருபது வருஷத்திலேயே இந்தக் கதி.

தம்பி சொன்ன சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். கழிவின் மேல் மூடியது முடிந்தவரை 1000 வருஷம், குறைந்தது 200 வருஷம் தாங்க வேண்டும் என்று அங்கே விதி வைத்திருக்கிறார்கள். குளச்சல் கடற்கரையில் வெற்றித் தூண் நிற்கிறதே, அந்தப் போர் நடந்தது 1741-ல். 280 வருஷம் தாண்டிவிட்டது. அந்த 200 வருஷத்தைவிடப் பழையது அந்தப் போர். அதற்கப்புறம் இந்த மண் திருவிதாங்கூர் மன்னரிடம் இருந்தது, 1949-ல் திருவிதாங்கூர்-கொச்சி ஆனது, 1956 நவம்பர் 1-ல் நாம் இந்தப் பக்கம் வந்தோம். ஒவ்வொரு தடவையும் அரசு மாறியது, ஆபீஸ் மாறியது, எழுத்தே மாறியது. இன்றைக்கும் மலையாளத்தில் எழுதிய பழைய ஆதாரத்தைத் தூக்கிக்கொண்டு, இதை வாசித்துத் தர ஆள் உண்டா என்று அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவிலும் அணுசக்தி ஆணையம் என்று இருந்ததை 1970-களில் கலைத்து, வேறொன்று ஆக்கி, 1977-ல்தான் எரிசக்தித் துறை வந்தது. துறை இத்தனை தடவை மாறும்போது, நிலம் யார் பெயரில், எதற்காக, எந்த நிபந்தனையில் என்பது ஒரே இடத்தில் அழுத்தமாக எழுதியிருக்க வேண்டும். வலது கை, இடது கை என்று நினைக்காதீர்கள்.

பதில்: சின்னவிளை கடல்

எல்லாம் சரி. பொது நிலத்தை அரசிடமிருந்து அரசுக்கு மாற்றுகிறார்கள் என்று பேசுகிறோம், அந்த நிலத்தில் ஏற்கெனவே இருப்பவர்களை யார் கேட்டார்கள்? நான் கடற்கரைக்காரன். கரைமடி இழுக்கவும் வலை காய வைக்கவும் நெத்திலி உலர்த்தவும் எங்கள் தாத்தா காலத்திலிருந்து பயன்படுத்துகிற மணல் கணக்கில் புறம்போக்குதான். எங்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் வராது. கையெழுத்துப் போடுகிறவர் பார்க்கிற பேப்பரில் அது காலி இடம்.

அமெரிக்காவிலும் இதே கதை நடந்திருக்கிறது. நவஹோ பழங்குடியினர் வாழும் பகுதியில் ஷிப்ராக், டியூபா சிட்டி, மெக்சிகன் ஹாட், மானுமென்ட் வேலி என்று நாலு ஆலைகள் இருந்தன. 1979 ஜூலை 16-ல் நியூ மெக்சிகோவில் சர்ச் ராக் என்ற இடத்தில் கழிவுக் குளத்தின் கரை உடைந்து, 9.4 கோடி கேலன் கதிரியக்கத் தண்ணீரும் 1000 டன்னுக்கு மேல் கழிவும் புவெர்க்கோ ஆற்றில் போனது. ஆட்டு மந்தைக்குத் தண்ணீர் காட்டுகிற ஆறு அது. அந்த ஜனங்கள் பட்டதை வாசித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை, ஆறு கடலில் சேரும் எங்கள் பொழி நினைவுக்கு வந்துவிட்டது.

நம்ம பக்கம் இருப்பது யுரேனியக் கழிவு இல்லை, அதைக் குழப்பக் கூடாது. ஆனாலும் கேள்வி ஒன்றுதான். கீழ்மிடாலம், மிடாலம், இனயம் புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு பகுதியில் 1144 ஹெக்டேரில் மணல் எடுக்க மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். திட்டம் போட்டது. 2024-ல் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் தள்ளிவைத்தார்கள். 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அணு கனிமச் சுரங்கத்துக்கு மக்கள் கருத்துக் கேட்பே வேண்டாம் என்று விலக்குக் கொடுத்துவிட்டது. வேலை முடிந்த பிறகு அந்தக் கரையை யார், எத்தனை வருஷம் பார்ப்பார்கள் என்று எங்கே போய்க் கேட்பது? புராஜெக்டில் அந்தக் கேள்வியை எழுதுங்கள் மோளே.

இரணியல் மாணவி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நம்ம பக்கத்து மணலில் மோனசைட்டை முதலில் கண்டது 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில், என்று படித்திருக்கிறேன். அதில் தோரியம் ஆக்சைடு 8 முதல் 10 சதவீதம், யுரேனியம் ஆக்சைடு 0.35 சதவீதம் அளவுக்கு. தோரியம்-232 பாதியாகக் குறைய 1400 கோடி வருஷம் என்று பரீட்சையில் எழுதியதுதான், அதை யார் காவல் காப்பார்கள் என்று யோசித்ததில்லை. இன்னும் ஒரு கேள்வி. காவல் காக்கப் பணம்? கம்பெனி மூடிவிட்டுப் போய்விட்டால்?

கொலராடோ மார்த்தாண்டத்தான்

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். 1978-க்குப் பிறகும் உரிமத்தோடு ஓடிய ஆலைகளுக்கு விதி இது: உரிமத்தை முடித்து வெளியே போகும் முன் நிலத்தையும் கழிவையும் விலை வாங்காமல் அரசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், அதோடு கண்காணிப்புக்காக ஒரு தொகை கட்ட வேண்டும். குறைந்தபட்சம் 2.5 லட்சம் டாலர், 1978 மதிப்பில், விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தி. அதிலிருந்து வருஷம் 1 சதவீதம் வட்டி வரும், அந்த வட்டியில் செலவு நடக்கும் என்று கணக்குப் போட்டார்கள். 1978 மதிப்பில் வருஷத்துக்கு 2500 டாலர். நான் மேலே சொன்ன அந்த அம்மா வண்டி பிடித்து வந்து, ஒரு நாள் நடந்து, அறிக்கை எழுதுவதற்கு வேண்டுமானால் சரியாக இருக்கும். வெள்ளம் வந்து ஒரு ஓரம் அரித்துப்போனால் அது எந்த மூலைக்கும் காணாது. 

அதுவும் கட்டுகிற கம்பெனி இருந்தால்தான். யூட்டாவில் மோவாப் என்ற ஊர், கொலராடோ ஆற்றங்கரையிலேயே 1.6 கோடி டன் கழிவு. கம்பெனி 1998-ல் திவால். 2001-ல் எரிசக்தித் துறை கைக்கு வந்தது. 2009-ல் அதை ரயிலில் ஏற்றி, 30 மைல் வடக்கே கிரெசன்ட் ஜங்ஷனில் கொண்டுபோய்ப் புதைக்கத் தொடங்கினார்கள், எல்லாம் ஜனங்களின் வரிப்பணம்.

சின்னவிளை அண்ணனுக்கு ஒன்று. நவஹோ பகுதியில் மூடிய இடங்களை அரசு தன் பெயருக்கு எழுதிக்கொள்ளவில்லை. நிலம் அவர்களுடையதாகவே இருக்கிறது, காவலுக்கும் உள்ளே வந்து போவதற்கும் அவர்களோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். பட்ட கஷ்டம் அதனால் தீரவில்லை, ஆனால் பேப்பரில் அவர்கள் பெயர் இருக்கிறது.

தக்கலை வருவாய்

அந்தக் கடைசி வரியை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள் மக்களே. புராஜெக்டுக்கு ஒரு உருப்படியான வேலை சொல்கிறேன். நீங்கள் மாதிரி எடுத்த இடங்களின் சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு தாலுகா ஆபீசில், நிலம் என்ன வகை, யார் பெயரில் என்று எழுதிய அ-பதிவேட்டின் நகல் கேளுங்கள். புறம்போக்கு என்றால் என்ன வகை, கடைசிக் கலத்தில் குறிப்பு என்ன, யாருக்காவது மாற்றிக் கொடுத்திருந்தால் உத்தரவு எண்ணும் நிபந்தனையும் இருக்கிறதா என்று பாருங்கள். நகல் தர இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். மனுவில் கேள்வியை நீட்டாதீர்கள், ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு கேள்வி. நிலம் திரும்ப ஒப்படைக்கும் நிபந்தனை உண்டா, யார் ஒப்படைக்க வேண்டும், எந்த நிலையில் என்று கேட்டால் போதும்.

பழைய பதிவு மலையாளத்தில் இருந்தால் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், ராத்திரிக்குள் வாசித்துச் சொல்கிறேன்.